இன்டர்ன்ஷிப் எல்லா மாணவருக்கும் எட்ட: கல்லூரித் துறைகளுக்கு ஒரு செய்முறை

நான்காம் பருவம் முடியும் நேரத்தில் வகுப்புக்கு வந்து, "லீவுல எங்கயாவது ஒரு இன்டர்ன்ஷிப் முடிச்சிட்டு சர்டிபிகேட் கொண்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் பல கல்லூரிகளில் நடைமுறை. அந்த ஒரு வரியிலேயே வகுப்பு இரண்டாகிவிடுகிறது. ஒரகடத்துத் தொழிற்சாலையில் சித்தப்பா சூப்பர்வைசராக இருந்தால் அன்று சாயங்காலமே இடம் உறுதி. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த மாணவியோ பத்து கம்பெனிக்கு மெயில் போட்டுப் பார்ப்பார், ஒன்றிலிருந்தும் பதில் வராது. கடைசியில் யாரோ சொன்ன ஒரு 'டிரெய்னிங் சென்டரில்' பணம் கட்டி, ஒரு நாள்கூட வேலை பார்க்காமல் சான்றிதழ் வாங்கி வருவார். மதிப்பெண் பட்டியலில் இருவருக்கும் ஒரே கிரெடிட் ஏறும். வேலைக்கான இன்டர்வியூவில்தான் வித்தியாசம் தெரியும்.

ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் கம்பெனிக்குள் தொடங்குவதில்லை. இடம் தேடுவதிலும், முதல் நாள் பஸ் காசிலும், தேதி குறிப்பதிலும் தொடங்குகிறது. இந்த மூன்றும் கல்லூரியின் கையில் இருப்பவை. கீழே உள்ள முறை தமிழ்நாட்டுக் கலை அறிவியல், பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பிளேஸ்மென்ட் ஆபீசர்களுக்கும். 60 பேர் கொண்ட ஒரு வகுப்பு, மே மாதக் கடைசியில் தொடங்கும் நான்கு வாரப் பயிற்சி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறோம்.

நாள் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு

இளநிலை மாணவர் இன்டர்ன்ஷிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நான்காம் பருவத்துக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் என்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி. அதாவது அளவுகோல் மணி நேரம்தான். இதைத் துறைகள் தாங்களாகவே 'தொடர்ந்து நான்கு வாரம், காலை 9 முதல் மாலை 5 வரை' என்று மாற்றிக்கொள்ளும்போதுதான் ஆட்கள் உதிர்கிறார்கள். ராத்திரி கேட்டரிங் வேலைக்கோ டெலிவரிக்கோ போய்ப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளும் மாணவர், படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைக் கவனிக்கும் மாணவி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் என்று எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் உண்டு.

அதனால் கையேட்டில் '120 மணி நேரம், அதிகபட்சம் 12 வாரத்துக்குள்' என்று மட்டும் எழுதுங்கள். ஒருவர் தினம் 6 மணி வீதம் 20 நாளில் முடிப்பார். இன்னொருவர் சனிக்கிழமை 8 மணி, வாரநாளில் ஒரு மதியம் 4 மணி என்று 10 வாரத்தில் முடிப்பார். பல்கலைக்கழக ஒழுங்குமுறையிலேயே நாள் கணக்கு இருந்தால், தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டக் குழுவில் தீர்மானம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். இணைப்புக் கல்லூரிகள் அந்தச் சில மாணவருக்காக மட்டும் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கலாம். பயிற்சி தொடங்கிய பிறகு எழுதினால் பெரும்பாலும் கிடைக்காது.

ஏற்கெனவே வேலைக்குப் போகும் மாணவரை விட்டுவிடக் கூடாது. பி.காம். மாணவர் ஒருவர் மாலையில் மளிகை மொத்தவியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார் என்றால், அந்தக் கடையையே பயிற்சி இடமாக ஏற்றுக்கொள்ளலாம். பாடத்தோடு தொடர்புள்ள நான்கு வேலைகளை (ஜிஎஸ்டி பில், ஸ்டாக் ரெஜிஸ்டர், வங்கிக் கணக்கு ஒப்பீடு, வரவேண்டிய பாக்கிப் பட்டியல்) முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும். கூலியை விட்டுவிட்டுச் சும்மா இன்னொரு ஆபீசில் உட்கார் என்று அவரைச் சொல்வதில் எந்தக் கல்வி லாபமும் இல்லை.

யாருக்கு உதவி தேவை: பட்டியல் உங்கள் பீரோவிலேயே இருக்கிறது

'ஏழை மாணவர்கள் கை தூக்குங்கள்' என்று வகுப்பில் கேட்கிற கொடுமை இன்னமும் நடக்கிறது. அதற்கு அவசியமே இல்லை. கல்லூரி அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பட்டியல்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள்: அரசுப் பள்ளியில் படித்து மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டப் பயனாளிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவித்தொகைப் பட்டியல், தொழிற்கல்விக் கல்லூரி என்றால் முதல் பட்டதாரிச் சலுகை பெறுவோர், யுடிஐடி அட்டை கொடுத்திருக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்கள். இவற்றில் ஏதாவது இரண்டில் பெயர் இருந்தால் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்துவிடலாம். யாரும் விண்ணப்பம் போட்டு வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை. பட்டியல் பொறுப்பாசிரியர் இருவர் கையில் மட்டும் இருக்கட்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டக் கூடாது, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் கூடாது.

இதில் அகப்படாதவர்களும் உண்டு. அப்பா இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருக்கும், எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது. அவர்களுக்காக எல்லா மாணவருக்கும் ஒரு பக்கப் படிவம் கொடுங்கள். தமிழில் இருக்கட்டும். கேள்விகள் இப்படி இருந்தால் போதும்:

'எந்த நேரத்துக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது? எந்த நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும்?'
'வெளியூரில் தங்க முடியுமா? முடியாது என்றால் காரணம் எழுத வேண்டியதில்லை.'
'வேலையிடத்தில் என்ன ஏற்பாடு இருந்தால் உங்களால் நன்றாக வேலை செய்ய முடியும்? (படி இல்லாத வழி, பெரிய எழுத்து, எழுத்தில் அறிவுறுத்தல், இடையிடையே ஓய்வு, மருந்து வைக்க ஃபிரிட்ஜ், வேறு ஏதாவது)'
'இதை கம்பெனிக்குச் சொல்லலாமா? ஆம் / இல்லை / என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லவும்.'

'நீங்கள் மாற்றுத்திறனாளியா?' என்று நேரடியாகக் கேட்டால் பலர் இல்லை என்றே எழுதுவார்கள். வலிப்பு, நிறக்குருடு, ஒரு காதில் கேட்காமை, எழுத்துக் கோர்வைச் சிக்கல் (டிஸ்லெக்ஸியா) எல்லாம் மறைந்துபோகும். வயரிங் வேலைக்குப் போன இடத்தில் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது முதல் வாரத்தில் தெரிவதைவிட, படிவத்திலேயே தெரிவது எல்லோருக்கும் நல்லது.

தேதி

பயிற்சி மே கடைசியில் என்றால் ஜனவரி இரண்டாம் வாரத்தில் வேலை தொடங்க வேண்டும். ஜனவரியில் படிவமும் கம்பெனிப் பட்டியலும், பிப்ரவரியில் நேரில் போய்ப் பார்ப்பது, மார்ச் முதல் வாரத்தில் இட ஒதுக்கீடு, மார்ச் கடைசிக்குள் ஒப்பந்தமும், 'இவர் எங்கள் மாணவர்' என்று கல்லூரி தரும் போனஃபைடு கடிதமும், பயிற்சி தொடங்க ஒரு வாரம் முன்பு பணம். பருவத் தேர்வு தொடங்கிவிட்டால் எந்தக் கடிதத்திலும் முதல்வர் கையெழுத்து வாங்க முடியாது. ஏப்ரலில் தொடங்கும் துறைகள் கடைசியில் 'நீங்களே பார்த்துக்கோங்க' என்ற இடத்துக்குத்தான் வந்து சேரும்.

இடம் பிடிப்பது

60 மாணவருக்கு 70 இடமாவது கையில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் 'ஆடிட் நடக்கிறது, அடுத்த மாதம் வாங்க' என்று நாலைந்து கம்பெனி கைவிரிப்பது வழக்கம். பெரிய கம்பெனிகளையே துரத்த வேண்டாம். அம்பத்தூரிலோ குறிச்சியிலோ 25 பேர் வேலை செய்யும் சிறு தொழிற்கூடத்தில் இரண்டு மாணவர் கற்றுக்கொள்வது, பெரிய ஆலையில் 40 பேர் கும்பலாக நடந்து பார்ப்பதைவிடப் பல மடங்கு. கூட்டுறவு வங்கி, நகராட்சிப் பொறியியல் பிரிவு, மாவட்டத் தொழில் மையம், ஆடிட்டர் அலுவலகம், அரசு மருத்துவமனை ஆய்வகம், மாவட்ட மைய நூலகம் எல்லாமே பயிற்சி இடங்கள்தாம். இவற்றில் பல, மாணவர்கள் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இருக்கும்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி வீதம் எக்செல் தாளில் எழுதுங்கள்: பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம், வேலை நேரம், கடைசி பஸ், கேன்டீன் உண்டா, என்ன விலை, உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார்கள், வாசலில் எத்தனை படி, லிஃப்ட், பெண்கள் கழிவறை எந்த மாடியில், பேசும் மொழி, மாணவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயர்.

நேரில் போய்ப் பார்க்க ஒரு இடத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். கையில் ஒரு அளவு நாடா இருக்கட்டும். 'எங்க ஆபீஸ்ல எல்லா வசதியும் இருக்கு சார்' என்று ஹெச்.ஆர். போனில் சொல்வதை நம்பி வீல்சேர் மாணவரை அனுப்பக் கூடாது. வாசல் சரியாக இருக்கும், கழிவறைக் கதவு 60 செ.மீ. இருக்கும். வீல்சேர் தாராளமாக நுழையக் கதவு திறப்பு 90 செ.மீ. வேண்டும். சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும். 15 செ.மீ. உயரமுள்ள ஒரே ஒரு படிக்கே 180 செ.மீ. நீளப் பலகை தேவை என்று அர்த்தம். படிமேல் பிளைவுட் துண்டைச் சாய்த்து வைத்தால் வண்டி பின்னால் கவிழும். உற்பத்திக் கூடத்துக்கும் கழிவறைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நடந்தே பாருங்கள். சில பழைய தொழிற்கூடங்களில் பெண்களுக்கான கழிவறை அலுவலகக் கட்டடத்தில் மட்டும் இருக்கும், சாவி யாரிடமாவது இருக்கும். மாணவி நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதில்தான் அது போய் முடியும்.

மாணவரிடம் எந்தப் பெயரிலும் காசு கேட்கும் இடத்தைத் தாளிலிருந்தே எடுத்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், கிட் கட்டணம், சர்டிபிகேட் கட்டணம், 'திருப்பித் தரப்படும்' வைப்புத் தொகை எல்லாம் இதில் அடக்கம். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடமும் வேண்டாம்.

இட ஒதுக்கீடு: சி.ஜி.பி.ஏ. வரிசையில் வேண்டாம்

அதிக மதிப்பெண் எடுத்தவர் முதலில் தேர்ந்தெடுக்கலாம் என்ற முறை பார்க்க நியாயமாகத் தெரியும். விளைவு என்னவென்றால், வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரே இடம் வேறொருவருக்குப் போய்விடும். அந்த இடத்துக்கு மட்டுமே போக முடிந்தவருக்கு 70 கி.மீ. தள்ளி ஒன்று கிடைக்கும். மூன்று சுற்றாகச் செய்யுங்கள்.

எல்லோரும் விருப்ப வரிசையில் ஐந்து இடம் எழுதட்டும். முதல் சுற்றில் நேரம், தூரம், உடல்நிலை காரணமாக மூன்றுக்கும் குறைவான இடங்களுக்கே போகக்கூடியவர்கள். சாதாரணமாக ஒரு வகுப்பில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். இரண்டாவது சுற்றில் முன்னுரிமைப் பட்டியல். மூன்றாவதில் மற்றவர்கள். ஒரே இடத்துக்கு இருவர் போட்டியிட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், வகுப்பு எதிரிலேயே. யார் எந்தச் சுற்றில் வந்தார் என்று வெளியே சொல்ல வேண்டாம். முடிவை மட்டும் ஒரே பட்டியலாக வெளியிடுங்கள்.

'நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு இது அநியாயம் இல்லையா?' என்று துறைக் கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் கேட்பார். வேலை வாய்ப்புத் தேர்வுக்கு மதிப்பெண் பார்க்கட்டும். இது பாடத்திட்டத்தில் உள்ள ஒரு பாடம். ஆய்வகத்தில் நல்ல கருவியை முதல் ரேங்க் மாணவருக்கு மட்டும் கொடுப்பதில்லையே.

கம்பெனிகள் வைக்கும் வடிகட்டியையும் கேள்வி கேளுங்கள். '10, 12, டிகிரி எல்லாத்திலயும் 60 சதவீதம், அரியர் ஹிஸ்டரி இருக்கக் கூடாது' என்ற வரி, வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்திலிருந்து அப்படியே நகலெடுத்து வந்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டும் மாணவர் முதல் பருவத்தில் கணக்கிலோ இயற்பியலிலோ அரியர் வைப்பது சகஜம். அதை நான்காம் பருவத்துக்குள் எழுதித் தேறியும் இருப்பார். ஆனால் 'ஹிஸ்டரி' போகாது. ஹெச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள்: இந்தப் பயிற்சிக்கு எந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும்? சி.என்.சி. (கணினி இயக்கும் எந்திரங்கள்) கூடம் என்றால் மெஷின் டிராயிங்கில் தேர்ச்சி என்று எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள், அந்த வரியை அவர்களே யோசித்து எழுதியிருக்க மாட்டார்கள்.

நேர்முகத் தேர்வு நடத்தியே தீருவோம் என்றால், எந்த மாதிரிக் கேள்விகள் என்று இரண்டு நாள் முன்பே எழுத்தில் வாங்கி எல்லோருக்கும் கொடுங்கள். தமிழில் பதில் சொல்ல அனுமதி கேளுங்கள். லேத் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் மாணவர் ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டியதில்லை. கல்லூரி கொடுக்கும் பயோடேட்டா மாதிரியில் போட்டோ, அப்பாவின் தொழில், சமூகம், மதம் ஆகிய வரிகளை எடுத்துவிடுங்கள். இன்னமும் பல கல்லூரி மாதிரிகளில் இவை இருக்கின்றன.

சொந்தமாக இடம் தேடிக்கொள்பவரைத் தடுக்க வேண்டாம். ஆனால் மார்ச் முதல் வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும், அந்த இடத்துக்கும் இதே விதிகள் பொருந்த வேண்டும். கூடவே ஒன்று செய்யலாம்: அந்தக் கம்பெனிக்குத் துறைத்தலைவரே கடிதம் எழுதி, 'எங்கள் மாணவர் ஒருவரை ஏற்றதற்கு நன்றி, இன்னொருவருக்கும் இடம் தர இயலுமா?' என்று கேளுங்கள். உறவினரின் சிபாரிசு ஒருவருக்குத் திறந்த கதவு இன்னொருவருக்கும் திறக்கும்.

பணம்: பில்லுக்கு அல்ல, முன்கூட்டியே

பயிற்சிக்குப் போகும் மாணவருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு தர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் வேறு. அதில் ஒப்பந்தம் உண்டு. 2019 விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று உதவித்தொகையும் குறிக்கப்பட்டது. இன்டர்ன்ஷிப் மாணவர் அதற்குள் வரமாட்டார். எனவே கம்பெனி தருவது கேட்டு வாங்குவதுதான். 'உதவித்தொகை இல்லை' என்று சொல்லும் இடத்தில்கூட மதியச் சாப்பாடு, கம்பெனி பஸ்ஸில் இடம், பாதுகாப்புக் காலணி மூன்றையும் கேளுங்கள். காசாகத் தர மறுப்பவர்கள் இவற்றைத் தருவார்கள்.

வீட்டிலிருந்து போய்வருபவரின் மாதிரிக் கணக்கு: பஸ் ஒரு நாளைக்கு 90 ரூபாய் வீதம் 24 நாளைக்கு 2,160. மதியச் சாப்பாடு 60 வீதம் 1,440. பாதுகாப்புக் காலணி 900. மொத்தம் 4,500. சென்னையில் தங்குபவருக்கு: மூன்று பேர் பகிரும் பிஜி (பேயிங் கெஸ்ட்) அறை சாப்பாட்டுடன் 7,000, உள்ளூர் பஸ் 1,000, காலணி 900, ஊருக்குப் போய்வர 600, கைச்செலவு 500. மொத்தம் 10,000. முன்னுரிமைப் பட்டியலில் 18 பேர், அதில் 12 பேர் போய்வருபவர், 6 பேர் தங்குபவர் என்றால் 1,14,000 ரூபாய் தேவை. முன்னாள் மாணவர் சங்கம், பெற்றோர் ஆசிரியர் கழகம், உள்ளூர் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி மூன்றையும் ஜனவரியிலேயே கேட்டால் திரட்டக்கூடிய தொகைதான்.

இரண்டு இடத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒன்று பஸ். அரசுக் கல்லூரி மாணவரின் இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட வழித்தடத்துக்கானது. கம்பெனிக்குப் போக உதவாது. பெண்களுக்கான விடியல் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மட்டும்தான். ஊர்விட்டு ஊர் போகும் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். இரண்டாவது பிஜி அட்வான்ஸ். நான்கு வாரத்துக்குத் தங்கினாலும் ஒரு மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பார்கள். அந்தக் காசு திரும்பி வந்துவிடும், ஆனால் முதல் நாள் கையில் இருக்க வேண்டும். கல்லூரி இதற்கென்று ஒரு சுழல்நிதி வைத்து, விடுதி நடத்துபவருக்கு நேரடியாகக் கட்டித் திரும்பப் பெறலாம். மாணவிகளுக்குத் தமிழக அரசு பணிபுரியும் பெண்களுக்காக நடத்தும் தோழி விடுதிகளில் குறுகிய காலத் தங்கல் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

கல்லூரி தரும் உதவித்தொகையில் 70 சதவீதத்தைப் பயிற்சி தொடங்க ஒரு வாரம் முன்பும், மீதியை இரண்டாம் வாரக் கடைசியிலும் வங்கிக் கணக்கில் போடுங்கள். 'செலவு செஞ்சிட்டு பில் கொண்டு வாங்க' என்ற முறை இந்த வேலைக்கு ஆகாது. செலவு செய்ய இல்லாதவருக்குத்தான் இந்த நிதியே. ஷேர் ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிச் சாப்பாட்டுக்கும் பில் கிடையாது. வங்கிக் கணக்கையும் ஒரு மாதம் முன்பே சரிபாருங்கள்: முடங்கிக் கிடக்கும் கணக்கு, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வந்த பணத்தைப் பிடித்துக்கொள்ளும் கணக்கு, அப்பாவின் கடன் தவணை பிடிக்கப்படும் கூட்டுக் கணக்கு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

காலணி சின்ன விஷயமாகத் தெரியலாம். பெண்களுக்குரிய 4, 5 அளவில் பாதுகாப்புக் காலணி பல கடைகளில் இருப்பு இருக்காது. தளர்ந்த காலணியோடு எந்திரத்துக்கு அருகில் நிற்பது ஆபத்து. அளவு எடுத்து மூன்று வாரம் முன்பே ஆர்டர் போடுங்கள்.

தொழிலாளர் காப்பீடு (இஎஸ்ஐ) இருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். எல்லா மாணவருக்கும் சேர்த்துப் பயிற்சிக் காலத்துக்கு ஒரு குழு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். போகவர ஏற்படும் விபத்தும் அதில் அடங்குமா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளி மாணவருக்கான ஏற்பாடுகள்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்க வேண்டும். அதில் தொடர்பு அலுவலர் ஒருவரும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஹெச்.ஆரிடம் பேச்சைத் தொடங்க இதுவே நல்ல வழி: 'உங்கள் சமவாய்ப்புக் கொள்கையின் நகல் கிடைக்குமா?' இல்லை என்றால், அதை உருவாக்க உங்கள் மாணவரே ஒரு காரணமாகட்டும்.

பார்வையற்ற மாணவருக்கு என்விடிஏ போன்ற இலவச ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்) போதும். மென்பொருள் செலவு கிடையாது. சிக்கல் அனுமதியில். கம்பெனி கணினியில் எதையும் நிறுவ ஐ.டி. பிரிவின் ஒப்புதல் வேண்டும், பென் டிரைவ் வேலை செய்யாது. இந்த ஒப்புதலுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால் மார்ச் மாதமே கேட்டுவிடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை நடக்கும் இடம் என்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே இந்தப் பக்கத்துக் கணினியில் இருக்கும் ஸ்கிரீன் ரீடருக்கு எதிரே தெரிவது வெறும் படம்தான், ஒரு எழுத்தும் படிக்காது. ஸ்கிரீன் ரீடரை அந்தப் பக்கத்துக் கணினியில் நிறுவ வேண்டும். கணக்கு மென்பொருளோ கம்பெனியின் சொந்த மென்பொருளோ, மாணவரை ஒரு மணி நேரம் முன்கூட்டியே அழைத்துப் போய் எந்தத் திரைவரை படிக்கிறது என்று சோதித்துவிடுங்கள். படிக்காத திரைகளைத் தவிர்த்து வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

காது கேளாத மாணவருக்கு முதல் நாளும் மதிப்பீட்டு நாளும் சைகை மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். மற்ற நாள்களுக்கு எழுத்தும் வாட்ஸ்அப்பும் பெரும்பாலும் போதும். மறக்கக் கூடாதது தீ எச்சரிக்கை. சங்கொலி மட்டும் இருக்கும் கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் வேலை செய்யும் இருவர் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போவது என்று பெயரோடு எழுதி வைக்க வேண்டும். வலிப்பு உள்ளவரை உயரத்திலும் சுழலும் எந்திரத்தருகிலும் நிறுத்தாமல் வேறு பிரிவு கேளுங்கள். பயிற்சியையே மறுக்க அது காரணம் ஆகாது. எழுத்துக் கோர்வைச் சிக்கல் உள்ளவருக்கு வாய்மொழி அறிக்கை, கற்பதில் நேரம் பிடிப்பவருக்குப் படத்தோடு கூடிய படிநிலைத் தாள்.

திருநர் மாணவர் எந்தப் பெயரில் அழைக்கப்பட விரும்புகிறார், கேட் பாஸிலும் சான்றிதழிலும் எந்தப் பெயர் வர வேண்டும், எந்தக் கழிவறை என்பதை அவரிடமே கேட்டுக் கம்பெனியோடு முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 2019 திருநர் சட்டம் வேலையிடப் பாகுபாட்டைத் தடை செய்கிறது.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய வரிகள்

இரண்டு பக்கம் போதும். மாணவர் செய்யப்போகும் நான்கு அல்லது ஐந்து வேலைகள், வழிகாட்டியின் பெயர், அவர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவார் என்ற உறுதி, வேலை நேரம், விடுப்பு, உதவித்தொகை, தரும் தேதி, ஒப்புக்கொண்ட ஏற்பாடுகள், ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட மாணவரை உற்பத்தியில் நிறுத்தமாட்டோம் என்ற வரி, புகார் வழி.

புகார் வழியை விளக்கமாகவே எழுதுங்கள். 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பயிற்சி பெறுபவரும் 'பணியாளர்' என்ற சொல்லுக்குள் அடங்குவார், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கும் சிறிய இடம் என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மாணவி பயிற்சி முடித்துக் கல்லூரிக்குத் திரும்பி, தைரியம் வந்து சொல்வதற்குள் பாதி நாள் போயிருக்கும். ஆகவே இந்தக் கெடுவைப் போகும் முன்பே சொல்லிக் கொடுங்கள்.

சாதி விசாரிப்பைப் பற்றியும் வழிகாட்டியிடம் வாய்விட்டே பேச வேண்டும். 'எந்த ஊரு? அதுல எந்தத் தெரு?' என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று அந்த மாணவருக்கு நன்றாகத் தெரியும். கேட்பவருக்கும் தெரியும். 'மாணவரின் சமூகம், குடும்பப் பின்னணி பற்றிக் கேட்கப்படமாட்டாது' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால், வழிகாட்டி ஆசிரியர் பிறகு அதைச் சுட்டிக்காட்டிப் பேச இடம் இருக்கும்.

முதல் நாளும் அதன் பிறகும்

முதல் நாள் பெரும்பாலும் கேட்டிலேயே கெடுகிறது. செக்யூரிட்டியிடம் பெயர் போயிருக்காது, ஹெச்.ஆர். லீவில் இருப்பார், மாணவர்கள் 11 மணிவரை வெயிலில் நிற்பார்கள். துணிச்சலானவர் போன் போட்டு உள்ளே போய்விடுவார், கூச்சப்படுபவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். முந்தைய வெள்ளிக்கிழமையே செக்யூரிட்டி அறைக்குப் பெயர்ப் பட்டியல் போனதா என்று போனில் உறுதி செய்யுங்கள். மாணவர் கையில் போனஃபைடு கடிதம், அடையாள அட்டை, மாற்று ஆள் ஒருவரின் எண் மூன்றும் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு மாணவரிடமும் தனியாகப் போனில் பேச வேண்டும். குரூப் மெசேஜில் 'எல்லாம் ஓகேவா?' என்று கேட்டால் எல்லோரும் கட்டைவிரல் போடுவார்கள். தனியாகக் கேட்க வேண்டியவை: நேற்று என்ன வேலை செய்தீர்கள், யார் சொல்லிக் கொடுத்தார், மதியம் எங்கே சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வீடு போனீர்கள்? ஜெராக்ஸ் எடுப்பதும் டீ வாங்கி வருவதும்தான் பதில் என்றால் அன்றே வழிகாட்டியிடம் பேசுங்கள். இரண்டாம் வாரத்தில் நேரில் ஒரு முறை போங்கள்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் செய்யும் பயிற்சி தூரப் பிரச்சினையைத் தீர்க்கும், லேப்டாப் பிரச்சினையைக் கிளப்பும். கல்லூரி ஆய்வகத்தை விடுமுறையிலும் திறந்து வைத்தால் சமாளிக்கலாம்.

மதிப்பெண்

கம்பெனி வழிகாட்டியின் மதிப்பீட்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். 'ஆளுமை', 'பேச்சுத் திறன்' என்ற தலைப்புகளில் போடப்படும் மதிப்பெண் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கும் உடைக்கும் போகிறது. அதற்குப் பதிலாக ஒப்பந்தத்தில் எழுதிய வேலைகளையே தலைப்பாக்குங்கள்: செய்தாரா, உதவியோடு செய்தாரா, தனியாகச் செய்தாரா. மீதி மதிப்பெண் நாட்குறிப்புக்கும் வாய்மொழித் தேர்வுக்கும். இரண்டையும் தமிழிலோ ஆங்கிலத்திலோ செய்ய அனுமதி இருக்கட்டும்.

கம்பெனியின் பக்கம் தவறு இருந்து மாணவர் நடுவில் வெளியேறினால், முடித்த மணி நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மீதியை வேறு இடத்தில் முடிக்க விடுங்கள். ஆரம்பத்தில் கையிருப்பில் வைத்த அந்தப் பத்து இடம் இதற்கும் உதவும். 'திரும்ப முதல்லேர்ந்து 120 மணி நேரம்' என்றால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

முடிந்த பிறகு அதே எக்செல் தாளில் நான்கு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் 120 மணியை முடித்தார்கள், எத்தனை பேருக்கு உதவித்தொகை வந்தது, எத்தனை பேருக்கு இடம் மாற்றினீர்கள், அடுத்த ஆண்டும் அழைத்தார்களா. ஒவ்வொன்றையும் முன்னுரிமைப் பட்டியலில் உள்ளவர், மற்றவர் என்று பிரித்துப் பாருங்கள். உதவித்தொகை தரும் இடங்களில் முன்னுரிமைப் பட்டியல் மாணவர் குறைவாக இருந்தால் இரண்டாவது சுற்றில் எங்கோ சிபாரிசு புகுந்திருக்கிறது. முடிக்காதவர்களில் அவர்கள் அதிகம் என்றால் முதலில் பணம் போய்ச் சேர்ந்த தேதியைப் பாருங்கள், பிறகு பஸ் நேரத்தை. சான்றிதழ்களில் இனிஷியலும் பெயர் எழுத்தும் யுடிஐடி, ஆதார், மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பயிற்சி முடிந்த அதே வாரத்தில் சரிபார்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திருத்தம் கேட்டுப் போனால், கையெழுத்துப் போட்ட ஹெச்.ஆர். வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.